'குணா' பின்னணி இசை முழுத் தொகுப்பாக வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலிலும் கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கமும் இருக்கும் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. அந்த இசையை வெளியிடக் கேட்கும் எங்கள் கடிதத்தில் புதிதாகச் சேருபவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

பாட்டுதான் அப்போதே வந்துவிட்டதே, இன்னும் எதைக் கேட்கிறீர்கள்?

ரீரிக்கார்டிங்கை, அதாவது காட்சிகளுக்குப் பின்னால் ஓடும் இசையைக் கேட்கிறோம். 1991 தீபாவளிக்கு, நவம்பர் 5 அன்று, 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. 'தளபதி'யின் பின்னணி இசையைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பேச இன்றும் ஆள் இருக்கிறது. 'குணா' என்றால் பேச்சு 'கண்மணி அன்போடு' பாட்டோடு நின்றுவிடுகிறது. மிஞ்சிப் போனால், பாவனி ராகத்தில் அபிராமி அந்தாதி வரிகளைக் கோத்து அமைத்த 'பார்த்த விழி' வரை வரும். கோயில், கடத்தல், குகை, கடைசி மலை விளிம்பு என்று படம் நெடுக ஓடும் இசை படத்துக்குள்ளேயே கிடக்கிறது, வசனத்துக்கும் காற்றுச் சத்தத்துக்கும் அடியில்.

கோரிக்கை மூன்று பகுதியாக இருக்கிறது. பாடல்கள் நல்ல மூலத்திலிருந்து மீண்டும் வர வேண்டும். படத்தில் மட்டும் வேறு மாதிரி ஒலிக்கும் பாடல் வடிவங்கள் வேண்டும். பின்னணித் துணுக்குகள் (ஒவ்வொரு காட்சிக்கும் தனியாக வாசித்த இசைப் பகுதிகள்) படத்தின் வரிசைப்படி, வசனம் கலக்காமல் வர வேண்டும்.

'மஞ்சும்மல் பாய்ஸ்' ஓடிய ஓட்டத்துக்கு இது தானாக வந்திருக்க வேண்டாமா?

குணா குகையையும் 'கண்மணி' பாட்டையும் வைத்து வந்த அந்த மலையாளப் படத்தால் 2024-இல் கிடைத்த வெளிச்சம் பாட்டுக்கும் குகைக்கும் போனது. பாட்டின் உரிமை பற்றி அந்த மே மாதம் இசையமைப்பாளர் தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. ஜூலையில் 'குணா'வின் மறுவெளியீடும் உரிமைத் தகராறில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பணம் வரும் என்று தெரிந்ததும் எல்லாரும் பழைய ஒப்பந்தங்களைத் தேடி எடுத்தார்கள். அதனால் கதவு திறந்தது என்று சொல்ல முடியாது, கதவுக்கு எத்தனை சாவி என்று தெரிந்தது. நமக்கு அதுவும் லாபம்தான்.

பின்னணி இசைப் பதிவு தனியாக இருக்குமா? எங்கே?

எல்லாம் இதைப் பொறுத்தே இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காலச் சென்னை முறையில் படத்தை வெட்டி ஒட்டி, டப்பிங் முடித்து, ரீல் ரீலாக இசையமைப்பாளருக்குப் போட்டுக் காட்டுவார்கள். 35 மி.மீ. படத்தில் 1000 அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. ரீலைப் பார்த்து, நொட்டேஷன் எழுதி, வாத்தியத்துக்கு ஒன்றாகப் பிரதி எடுத்து, திரையில் படம் ஓட ஓட வாசித்துப் பதிவு செய்வார்கள். அதன்பின் வசனம், இசை, சத்தம் மூன்றும் மிக்ஸிங்கில் ஒன்றாகி ஆப்டிக்கல் சவுண்ட் நெகட்டிவாக மாறும். தியேட்டர் பிரிண்டின் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோடு அந்த நெகட்டிவிலிருந்து வருவது.

ஆகவே இசை மட்டும் தனியாக இருந்த கட்டம் நிச்சயமாக உண்டு. அது பல தட ஒலிநாடாவாக இருக்கலாம், 35 மி.மீ. மேக்னெட்டிக் சுருளாகவும் இருக்கலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். மிக்ஸிங் முடிந்ததும் அந்தச் சுருளுக்கு வேலை இல்லை. மேக்னெட்டிக் சுருள் விலை கூடியது, அழித்து மறுபடி பயன்படுத்தக்கூடியது. அடுத்த படத்துக்கு அதே சுருளை எடுத்துக்கொள்வது அன்று சிக்கனம், யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. பாடல் டேப் பிழைத்ததற்குக் காரணம் கேசட் கம்பெனிக்கு அது தேவைப்பட்டது. பின்னணி டேப்புக்கு அப்படி வாங்க ஆள் இல்லை.

தேட வேண்டிய இடங்கள்: பதிவு நடந்த ஸ்டுடியோவின் சேமிப்பறை, தயாரிப்பாளர் தரப்பு, இசையமைப்பாளரின் சொந்தச் சேகரிப்பு, நெகட்டிவ் வைத்திருக்கும் லேப், பாடல் உரிமை வாங்கிய கம்பெனி. வேற்று மொழிக்கு டப்பிங் ஆன படம் என்றால் இன்னொரு வழியும் உண்டு. டப்பிங்குக்காக இசையும் சத்தமும் மட்டும் கலந்த தடம் ஒன்று தயாரிப்பது வழக்கம். அதில் காலடியும் கதவுச் சத்தமும் சேர்ந்தே இருக்கும், வசனம் மட்டும் இருக்காது. சுத்தமான மூலம் இல்லாதபோது அதுவே பெரிய வரம்.

அமெரிக்காவில் மாதா மாதம் இப்படி வெளியிடுகிறார்களே, இங்கே ஏன் முடியவில்லை?

அங்கே இன்ட்ராடா, லா-லா லேண்ட், வரேஸ் சராபாண்ட், ஸ்பெயினில் குவார்டெட் என்று இதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் உண்டு. ஆயிரம், மூவாயிரம் பிரதி மட்டும் அடித்து விற்பார்கள். அவர்களுக்குக் கை கொடுப்பது ஸ்டுடியோ ஆவணக் காப்பகம்: துணுக்குக்கு எண், நாளுக்குப் பதிவுச் சீட்டு. அவர்களுக்கும் தலைவலி இல்லாமல் இல்லை. வாத்தியக்காரர் சங்கத்துக்கு மறுபயன்பாட்டுத் தொகை கட்ட வேண்டியிருந்ததாலேயே பல இசைகள் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தன. இங்கே அந்தச் செலவு இல்லை, காகிதமும் இல்லை. எது எந்தத் துணுக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ரசிகன் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

துணுக்குப் பட்டியல். ஒரு டேப் பெட்டி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். மேலே படத்தின் பெயர், ரீல் எண், கிறுக்கலாக இரண்டு எழுத்து, அவ்வளவுதான் இருக்கும். உள்ளே 40 பதிவு, அதில் ஒரே இசையை மூன்று தடவை வாசித்தது, பாதியில் நின்றது எல்லாம் இருக்கும். எது படத்தில் போனது என்று சொல்ல, படத்தைத் துணுக்கு துணுக்காக அளந்த பட்டியல் வேண்டும்.

செய்முறை இதுதான். சட்டப்படி கிடைக்கும் ஒரே பிரதியை எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20 நிமிடம் பிரித்துக்கொண்டு ஹெட்போனில் கேளுங்கள். விரிதாளில் ஏழு பத்தி போதும்: தொடங்கும் நேரம், முடியும் நேரம், நீளம், காட்சி ஒரு வரியில், கேட்கும் வாத்தியங்கள், மேலே என்ன விழுகிறது (வசனம், மழை, கூட்டம், எதுவுமில்லை), எப்படி முடிகிறது. கடைசிப் பத்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இசை தானாக முடிகிறதா, மிக்ஸிங்கில் தேய்த்து இறக்கப்பட்டதா, காட்சி வெட்டில் அறுபட்டதா என்பது முக்கியம். தேய்ந்தோ அறுபட்டோ போன இடத்தில், வாசித்தது படத்தில் கேட்பதைவிட நீளமாக இருக்கக்கூடும்.

"சோகமான இசை" என்று எழுதாதீர்கள். "தனி வயலின், பிறகு கூட்டு வயலின்கள் கீழ் சுருதியில் சேர்கின்றன, தாள வாத்தியம் இல்லை" என்று எழுதினால் டேப்பைக் கேட்பவர் அடையாளம் காண்பார். வாத்தியம் உறுதியில்லை என்றால் கேள்விக்குறி போடுங்கள். தப்பான பெயரைவிட கேள்விக்குறி மேல். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு பேர் தனித்தனியாக எழுதி, ஒப்பிட்டு, இரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆள் கேட்க வேண்டும். இசை இல்லாத நீண்ட இடங்களையும் ஒரு வரியில் குறியுங்கள். எங்கே வாசிக்காமல் விட்டார் என்பதும் அவர் எழுதியதில் சேர்ந்ததுதான்.

என் பட்டியலும் நண்பர் பட்டியலும் போகப் போக விலகுகிறதே?

வேகம் வேறு. படம் விநாடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்). பால் (PAL) எனும் டிவி முறை வீடியோவுக்கு மாற்றும்போது 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 100 நிமிடம் 96 நிமிடமாகும், 3 நிமிடத் துணுக்கு 2 நிமிடம் 53 விநாடியாகும். சுருதியும் ஒரு அரைச் சுரத்துக்குச் (செமிடோன்) சற்றுக் குறைவாக ஏறும். பழைய டிவி பதிவிலும் சில வட்டுகளிலும் இது உண்டு.

கண்டுபிடிக்க வழி: படத்தில் வரும் ஒரு பாட்டில் இரண்டு தெளிவான அடிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, கம்பெனி வெளியிட்ட டிஜிட்டல் பாட்டில் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். வீடியோவில் 4 சதவீதம் குறைந்தால் உங்களுடையது 25 சட்டப் பிரதி. நேரங்களை 25-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் சரியாகும். கேசட்டை அளவுகோலாக வைக்காதீர்கள், ஒவ்வொரு பிளேயரும் ஒரு வேகம். தணிக்கையிலோ டிவியிலோ வெட்டிய பிரதி என்றால் பெருக்கினாலும் சரிவராது. விலகல் திடீரென்று குதித்தால் வெட்டு, மெல்ல மெல்லக் கூடினால் வேகம்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் வசனத்தை நீக்கிவிட்டால் போதாதா?

பட்டியல் போட உதவும், வெளியிட உதவாது. அந்த மென்பொருள்கள் பெரும்பாலும் பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கப் பழக்கப்பட்டவை. வசனம் போன இடத்தில் இசையில் ஓட்டை விழும், 'ஸ', 'ச' ஒலிகளின் நிழல் வயலினில் ஒட்டியிருக்கும். கோரஸ் வந்தால் அதையும் மனிதக் குரல் என்று சேர்த்து எடுத்துவிடும். மூலத்திலேயே இல்லாததை எந்த மென்பொருளும் கொண்டுவராது: மோனோ ஆப்டிக்கல் தடத்தில் 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் உருப்படியாக எதுவும் மிஞ்சாது. ஜால்ராவின் மினுக்கமும் வில் உராயும் சத்தமும் அதற்கு மேலேதான் இருக்கின்றன.

இப்படிப் பிரித்ததை இணையத்தில் ஏற்றுவது கோரிக்கைக்கே கேடு. "அதான் கிடைக்கிறதே" என்று கம்பெனிக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது. கடிதத்தில் அந்த இணைப்பை வைத்தால் உரிமை மீறலுக்கு நாமே சாட்சி கொடுத்ததாக ஆகும். இரண்டு விஷயத்திலும் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை.

உரிமை யாருடையது?

ஒரே வரியில் சொல்ல முடியாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 'குணா'வுக்கு 2051 டிசம்பர் வரை. இசைப் படைப்பின் உரிமை, படைத்தவர் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும். தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுத வைத்த இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 திருத்தம் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தது. 1991 ஒப்பந்தத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வக்கீல்கள் வாதிடும் இடம். பாடல் கேசட் உரிமை வாங்கிய கம்பெனிக்குப் பின்னணி இசையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதா என்பது அந்தப் பழைய தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

ரசிகர்கள் இதில் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. யார் பக்கமும் சேராமல், எல்லாத் தரப்புக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் வேண்டுகோள். அதிலும் முதல் வரி வெளியீட்டைப் பற்றியது அல்ல: பதிவு எங்காவது இருந்தால் அதைக் கண்டுபிடித்து டிஜிட்டலாக்கிப் பாதுகாக்கக் கேளுங்கள். இதற்கு யாருடைய உரிமைச் சண்டையும் முடிய வேண்டியதில்லை, வைத்திருப்பவர் மனம் வைத்தால் போதும். வெளியீடு பத்து வருடம் கழித்து வரட்டும், டேப் அதுவரை தாங்குமா என்பதுதான் கேள்வி. இரண்டாம் பத்தியில் துணுக்குப் பட்டியல் தயார் என்று சொல்லி இணையுங்கள். மூன்றாவதில் எத்தனை பேர், எந்த ஊர், குறுந்தகடா இசைத்தட்டா டிஜிட்டலா, எதை வாங்குவார்கள் என்ற கணக்கு. ஒரே ஆள் நான்கு பெயரில் போட்ட கையெழுத்து ஒன்று மாட்டினாலும் மொத்தப் பட்டியலும் குப்பைக்குப் போகும்.

"ராஜா சாருக்கு இழைக்கப்பட்ட அநீதி" போன்ற வாசகங்களை எடுத்துவிடுங்கள். படிப்பவர் ஒருவேளை அந்த அநீதியைச் செய்ததாக நீங்கள் நினைக்கும் தரப்பாகவே இருக்கலாம்.

முன்கூட்டிப் பணம் திரட்டலாமா?

கூடாது. உரிமை கையில் இல்லாமல் வாங்கும் பணம் திருப்பிக் கொடுக்கும் நாளில் சண்டையாகும்.

ஸ்டுடியோ டேப் கிடைத்தால் உடனே ஓட்டிப் பார்க்கலாம்தானே?

ஓட்டவே கூடாது. 1970, 80-களின் பாலியெஸ்டர் டேப் சிலவற்றில் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். ஓட்டினால் கிறீச்சிட்டு, காந்தப் பூச்சு, ஒலியைப் படிக்கும் ஹெட்டிலேயே உரிந்துவிடும். அந்த இசை அதோடு போயிற்று. அத்தகைய டேப்பை ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ கூடுதலோ கட்டுப்பாட்டோடு சூடாக்கி, சில வாரத்துக்குள் பதிவெடுப்பார்கள். பழைய அசிட்டேட் டேப்புக்கும் மேக்னெட்டிக் சுருளுக்கும் இந்த வைத்தியம் ஆகாது, பாழாகிவிடும். வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை மற்றதிலிருந்து பிரித்து வையுங்கள், வாடை பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். எது எது என்று பிரித்தறிவது பழகிய கைகளின் வேலை. பிரிண்டோ நெகட்டிவோ யாரிடமாவது இருந்தால் உரிமைதாரருக்கும், 1964-இல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும் தெரிவிப்பதே முறை.

எங்கள் வீட்டில் பழைய கேசட் இருக்கிறது. அதனால் பயன் உண்டா?

உண்டு. படத்தில் உள்ள பாட்டுக்கும் கேசட்டில் உள்ளதற்கும் எங்கே வித்தியாசம் என்று காட்ட அது வேண்டும். உறையில் உள்ள அச்சு விவரமும் உரிமைத் தடயம்தான். உறையின் இரு பக்கத்தையும் 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள்.

கொடைக்கானலில் கேசட்டுக்கு எதிரி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூஞ்சிக்கல்லிலும் நாயுடுபுரத்திலும் சுவரே வியர்க்கும் வீடுகள் உண்டு. கேசட் கண்ணாடி வழியாக நாடாச் சுற்றின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், அடுத்து போடும் அத்தனை கேசட்டுக்கும் அது தொற்றும். தனியாக ஜிப் பையில் போட்டுப் பிரித்து வையுங்கள். நல்லவற்றை ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாப் பெட்டியில், 30 லிட்டருக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே சின்ன ஈரமானி, முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். அலமாரியில் குண்டு பல்பு எரியவிடும் பழைய வழக்கம் துணிக்குச் சரி. கேசட்டைப் பல்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஓடு நெளியும்.

பதிவெடுக்கும் முன் இரு பக்கமும் ஒருமுறை முழுதாகச் சுற்றி விடுங்கள். நாடாவுக்குப் பின்னால் உள்ள பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருந்தால் உயர் ஒலி காணாமல் போகும், திருகு வைத்த வேறு ஓட்டுக்கு மாற்றினால் சரியாகும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, பிறகு போடுங்கள். உறையில் டால்பி முத்திரை இல்லையென்றால் டால்பியை அணைத்துவிடுங்கள். ஹெட்டின் கோணத்தைச் சின்னத் திருகால் உயர் ஒலி தெளியும்வரை திருப்புங்கள். பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை இது, பலன் அதிகம் தருவதும் இதுவே. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. உச்சம் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவெடுத்தால் இரைச்சல் குறையும், மழைக்காலக் கரண்ட் வெட்டிலும் பதிவு அறுபடாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடாதீர்கள். கச்சாக் கோப்புதான் வேண்டும்.

டேப்பே இல்லை என்று தெரிந்தால்?

நொட்டேஷன் மிஞ்சியிருந்தால் புதிதாக வாசித்துப் பதியலாம். இளையராஜா சுரங்களைத் தாளில் முழுவதுமாக எழுதுபவர் என்பதால் அது வெறும் ஆசை இல்லை. தாளும் இல்லையென்றால் படத்தைக் கேட்டு எழுத வேண்டும். வசனம் மூடிய இடத்தில் ஊகம் வரும். புதுப் பதிவுக்கு அவருடைய ஒப்புதல் சட்டத்துக்காக மட்டுமல்ல, அந்த ஊகங்களைத் திருத்தவும் வேண்டும். எங்கள் ஆசை வரிசையில் இது இரண்டாவது இடம். 1991-இல் அந்த அறையில் வாசித்த கைகளே முதலிடம்.

எத்தனை நிமிடம் தேறும்? குறுந்தகடா, இசைத்தட்டா?

பட்டியல் முடியாமல் மொத்தம் சொல்வது ஜோசியம். குறுந்தகட்டில் 80 நிமிடம் வரை அடங்கும். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு 20 முதல் 22 நிமிடம், அதற்கு மேல் திணித்தால் ஒலி மெலியும். அரை நிமிடத்துக்கும் குறைந்த துணுக்குகளைத் தனித் தடமாக விடாமல் அடுத்தடுத்த காட்சிகளாகக் கோப்பதே கேட்க நன்றாக இருக்கும். இடையில் வசனம் சேர்ப்பதை நாங்கள் எதிர்க்கிறோம். 'கண்மணி' பாட்டில் பேச்சு இசைக்குள்ளேயே பிறந்தது, அது வேறு.

கொடைப் பண்பலையில் போடச் சொல்லிக் கேட்கலாமா?

100.5-இல் பாட்டு கேட்கலாம், போடுவார்கள். வெளியாகாத பின்னணி இசைக்கு அவர்களிடம் தட்டே இருக்காதே. நிலையத்தாரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

குகை முன்னால் கூடி கோரிக்கைக் காணொளி எடுக்கலாமா?

வேண்டாம். குணா குகை வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள இடம். கம்பித் தடுப்புக்கு அப்பால் ஆள் விழுந்து இறந்த பள்ளங்கள். ஒலிபெருக்கியோடு போய் நின்றால் கோரிக்கை செய்தியாகாது, வழக்குதான் செய்தியாகும். வெளியூரிலிருந்து வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறையும் இருக்கிறது.

'மூன்றாம் பிறை'க்கும் இதையே செய்யலாமா? ஊட்டி நண்பர்கள் கேட்கிறார்கள்.

தாராளமாக. 1982 படம், ஆகவே படத்தின் உரிமை 2042 டிசம்பர் வரை. கேத்தி ரயில் நிலையக் காட்சியிலிருந்து பட்டியலைத் தொடங்க வேண்டாம், எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். முதல் ரீலிலிருந்து வரிசையாக வாருங்கள். ஹிந்தியில் 1983-இல் 'சத்மா'வாக எடுத்தபோதும் இசை இளையராஜாதான் என்பதால், இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தக் காட்சிக்கு எந்த இசை என்று ஒப்பிட ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள். நேரக் கணக்கை இரண்டுக்கும் தனித்தனித் தாளில் வையுங்கள், ஒன்றில் கலந்தால் பிரிக்க முடியாது.